இறக்கை நுனியைப் பிடித்திருப்பவர் பார்வையாளர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன், எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் வானூர்திகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே என்பதால், நன்றி சொல்லி ஒரு வரி எழுதவே முதலில் நினைத்தேன். ஆனால் கட்டுரையோடு அச்சான படத்தின் கீழே, "புறப்படத் தயாராகும் கிளைடரின் இறக்கையை ஆர்வத்துடன் தொட்டுப் பார்க்கும் பார்வையாளர்" என்ற குறிப்பைக் கண்டபின் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. படத்தில் இருப்பவர் பார்வையாளர் அல்லர். அந்த நொடியில் அந்தக் களத்திலேயே மிகப் பெரிய பொறுப்பை ஏற்று நிற்பவர்களுள் அவர் ஒருவர். கட்டுரையில் உள்ள மற்றப் பிழைகளுக்கும் இந்தப் பிழையே வேர் என்று தோன்றுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; இடம் போதாதெனில் தாங்கள் சுருக்கி வெளியிடலாம்.

நான் திருவாரூருக்கு அருகில் பிறந்தவன். பதினெட்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லூட்டன் நகரில் கணக்கராக வேலை பார்க்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக, மழை பெய்யாத சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும், லூட்டனுக்கு மேற்கே டன்ஸ்டபிள் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் லண்டன் கிளைடிங் சங்கத்தின் புல்வெளியில்தான் என்னைக் காணலாம். பெயரில் லண்டன் இருந்தாலும் அந்த மாநகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியே இவ்விடம் உள்ளது. நான் விமானி அல்லன். கிளைடர்களை மேலே ஏற்றும் கயிற்றைக் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்து வரும் வண்டியை ஓட்டுபவன். ஆகவே நான் எழுதுவதைத் தரையில் நிற்பவன் ஒருவனின் சாட்சியமாகத் தாங்கள் கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் படத்தில் இருப்பவரின் வேலை. கிளைடரின் சக்கரங்கள் அதன் உடலுக்கு அடியில் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால், நிறுத்திய மிதிவண்டியைப் போல அது தானாக நிமிர்ந்து நிற்காது. ஏதாவது ஒரு பக்க இறக்கை தரையில் சாய்ந்தே கிடக்கும். எங்கள் சங்கத்தில் பயிற்சிக்குப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 என்ற ஜெர்மானியக் கிளைடருக்கு இரு இறக்கைகளும் சேர்ந்து 17 மீட்டர் நீளம். அந்த நீளத்தை மட்டமாக ஏந்திப் பிடிப்பது இறக்கை நுனியில் நிற்பவரின் வேலையில் பாதிதான். விமானி தன் இருக்கையில் வாரால் கட்டுண்டு, மூடியைச் சாத்திக்கொண்டபின், பின்னாலும் தலைக்கு மேலேயும் என்ன இருக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. இறங்க வரும் வேறொரு கிளைடர் இருக்கிறதா, களத்தின் குறுக்கே யாராவது நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்களா, வால் பகுதியில் பொருத்தியிருந்த தள்ளுசக்கரத்தைக் கழற்ற யாராவது மறந்துவிட்டார்களா என்பதை எல்லாம் அவருக்காகப் பார்ப்பவர் இவர்தான். எல்லாம் சரி என்று கண்டபின், ஒரு கையைத் தாழ்வாக வீசினால் கயிற்றின் தொய்வு இழுக்கப்படும். அதே கையைத் தலைக்கு மேலாக வீசினால் மறுகோடியில் இருந்து கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் பொறி முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும். இரு கைகளையும் உயர்த்தினால் அனைத்தும் நிற்க வேண்டும். நிறுத்தும் உரிமை அவருக்கு மட்டும் உரியதும் அன்று: களத்தில் நிற்கும் எவரும், அன்று காலைதான் முதன்முதலாக வந்த சிறுமியும்கூட, ஆபத்து என்று தோன்றினால் "ஸ்டாப்" என்று குரல் கொடுக்கலாம். ஏன் நிறுத்தினாய் என்று பிறகு கேட்பார்களே தவிர, நிறுத்தியதற்காக யாரும் கடிந்துகொள்வதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தவருக்கு இதை விளக்குவது எளிது. திருவாரூர் ஆழித்தேர் ஓடும்போது வடம் பிடிப்போரைத்தான் எல்லாப் படங்களிலும் பார்க்கிறோம். ஆனால் அசையும் சக்கரத்துக்கு அருகிலேயே நடந்து, சரியான கணத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புபவரும் நிறுத்துபவரும் இல்லாவிட்டால், வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஆபத்தில்தான் இருப்பார்கள். அவரைப் படம் எடுத்து "தேர்ச் சக்கரத்தை ஆர்வத்துடன் தொட்டுப் பார்க்கும் பக்தர்" என்று அச்சிட்டால் தங்கள் டெல்டா மாவட்ட வாசகர்கள் சும்மா இருப்பார்களா?

அடுத்து, "காற்று நின்றுவிட்டால் கிளைடர் கல்லைப் போல விழுந்துவிடும்" என்று கட்டுரையின் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. இது முழுத் தவறு. கிளைடர் என்பது காற்றில் அடித்துச் செல்லப்படும் பட்டம் அன்று. மேட்டிலிருந்து பெடல் போடாமல் இறங்கும் மிதிவண்டியைப் போல, அது எப்போதும் மெல்ல இறங்கிக்கொண்டே முன்னோக்கிச் செல்கிறது. அந்த முன்னோட்டமே இறக்கைகளுக்குத் தாங்குவிசையைத் தருகிறது. நான் மேலே சொன்ன ஏ.எஸ்.கே. 21, ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் ஏறத்தாழ 34 மீட்டர் முன்னேறும். அதாவது காற்றே வீசாத நாளில் 300 மீட்டர் உயரத்தில் விட்டாலும் சுமார் 10 கிலோமீட்டர் சென்றபின்தான் தரையைத் தொடும். காற்றில்லாத மாலைகளில்தான் புது மாணவர்கள் மிக நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பயிற்றுநர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இறங்கிக்கொண்டே இருக்கும் ஒன்று எப்படி மணிக்கணக்கில் மேலே இருக்கிறது என்பதுதான் உண்மையில் விளக்க வேண்டிய செய்தி. சுற்றிலும் இருக்கும் காற்று, கிளைடர் இறங்குவதைவிட வேகமாக ஏறினால் போதும். டன்ஸ்டபிள் குன்று 243 மீட்டர் உயரம்தான். நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு மேடு. ஆயினும் மேற்குக் காற்று அதன் சரிவில் மோதி மேலே திரும்பும்போது, அந்தச் சரிவை ஒட்டி முன்னும் பின்னுமாகப் பறந்துகொண்டே இருக்கலாம். கிழக்குக் காற்று வீசும் நாளில் இதே குன்று பகையாகிவிடும். காற்று உச்சியிலிருந்து களத்தை நோக்கிச் சுருண்டு இறங்கும். வெயில் நாட்களில் உழுத நிலங்களும் கட்டடக் கூரைகளும் சூடேறி, அவற்றின் மீதுள்ள காற்று தூண் போல எழும். "தெர்மல்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்தத் தூணுக்குள் வட்டமிட்டால் உயரம் கூடும். அதன் உச்சியில் பஞ்சுப் பொதி போல ஒரு மேகம் பெரும்பாலும் அடையாளம் காட்டும். மேகம் இல்லாவிட்டால் பருந்துகள் காட்டும். இப்பகுதியில் முற்றிலும் அழிந்துபோயிருந்த சிவப்புப் பருந்துகளை 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று அவை ஏராளமாகப் பெருகியிருக்கின்றன. பருந்து வட்டமிடும் இடத்தைத் தேடிக் கிளைடர் போவதும், கிளைடர் வட்டமிடுவதைக் கண்டு பருந்து வந்து சேர்ந்துகொள்வதும் இங்கே நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

கட்டுரையாளர் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, அந்தச் சில நிமிடங்களை மிக அழகாக வருணித்திருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கிளைடிங் சங்கத்தின் சனிக்கிழமை என்பது அந்தச் சில நிமிடங்கள் அன்று. அவற்றைச் சுற்றியிருக்கும் எட்டு, ஒன்பது மணி நேரம். காலையில் கொட்டகைக் கதவுகளைத் திறந்தவுடன் தெரிவது, ஒன்றின் இறக்கைக்கு அடியில் மற்றொன்றின் வால், அதன்மேல் வேறொன்றின் மூக்கு என்று விரற்கடை இடைவெளியில் செருகி வைக்கப்பட்ட கிளைடர்களின் நெரிசல். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது ஒருவர் மட்டுமே உத்தரவு தர வேண்டும், மற்றவர்கள் வாய்மூடி நடக்க வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது எழும் குரல்களை நினைத்துக்கொண்டு, முதல் நாள் நான் வியந்து நின்றேன். பிறகு ஒவ்வொரு கிளைடரையும் அன்றாடச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். இணைப்பு ஊசிகள், கயிற்றைப் பற்றும் கொக்கி, சக்கரம், மூடியின் தாழ் எல்லாம் பார்க்கப்படுகின்றன. ஒருவர் வெளியே நின்று இறக்கையின் அசையும் பகுதியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் உள்ளேயிருந்து கட்டுப்பாட்டுத் தண்டை அசைத்து, இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பார்த்தவர் ஏட்டில் கையெழுத்திடாமல் அது பறக்காது.

அதன்பின் வானிலை பற்றியும் அன்றைய காற்றின் திசை பற்றியும் கிழக்கே லூட்டன் விமான நிலையத்தை ஒட்டிய, அனுமதியின்றி நுழையக் கூடாத கட்டுப்பாட்டு வான்வெளி பற்றியும் பொறுப்பாளர் விளக்குவார். பிறகு எல்லோரும் களத்துக்கு நடப்போம். வின்ச் ஒரு கோடியில், கிளைடர்கள் மறுகோடியில். வின்ச்சிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு கயிறுகளைக் களத்தின் நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு வருவது என் வேலை. கேட்பதற்கு எளிது. ஆனால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், திடீரென்று நிறுத்தி உருளையில் சிக்கல் விழச் செய்யாமல், ஒரே சீரான வேகத்தில் ஓட்டப் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கயிற்றின் முனையில், அளவுக்கு மீறிய இழுவிசை வந்தால் தானே அறுந்துகொள்ளும் பலவீன இணைப்பு ஒன்று இருக்கும். கிளைடரின் வகைக்கேற்ப அதன் நிறம் மாறும். எந்த நிறம் என்பதை விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; கயிற்றை மாட்டுபவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

இழுக்கத் தொடங்கிய சில நொடிகளில் கிளைடர் தரையை விட்டு எழும். பட்டம் போல மூக்கை உயர்த்திச் செங்குத்துக்குப் பாதிச் சாய்வில் ஏறும். அரை நிமிடம் சற்று முன்னே பின்னே, சுமார் ஆயிரம் அடியில் கயிற்றை விடுவிக்கும். ஏறும் காற்று கிடைக்காத நாளில் ஐந்தாறு நிமிடங்களில் திரும்ப இறங்கிவிடும். இறங்கியதைத் தள்ளியோ இழுத்தோ வரிசைக்குக் கொண்டுவர ஆட்கள் வேண்டும். இழுவை விமானத்தின் பின்னால் கட்டி இரண்டாயிரம் அடிக்கு மேல் கொண்டுபோய் விடும் முறையும் உண்டு. செலவு கூடுதல், இரைச்சலும் கூடுதல். எதுவாயினும், ஒருவர் மேலே போவதற்கு வின்ச் இயக்குபவர், இறக்கை பிடிப்பவர், கயிறு மாட்டுபவர், பதிவேடு எழுதுபவர், வண்டி ஓட்டுபவர் என்று ஐந்தாறு பேராவது தரையில் வேண்டும். அந்த ஐந்தாறு பேரும் அன்றைக்கே தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள். கூலியாள் யாரும் வந்து தள்ளுவதில்லை. மாலையில் மீண்டும் எல்லாவற்றையும் துடைத்து, அதே விரற்கடை இடைவெளியில் கொட்டகைக்குள் செருகிய பிறகே வீடு திரும்ப முடியும்.

பதிவேட்டைப் பற்றித் தனியே ஒரு சொல். தொழில் காரணமாக எனக்கு அதன்மீது தனிப் பிரியம். எந்தக் கிளைடர், யார் முன்னிருக்கையில், யார் பின்னிருக்கையில், எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசையாக எழுத வேண்டும். இறங்கிய நேரம் எழுதப்படாத வரி ஒன்று இருந்தால், அந்தக் கிளைடர் இன்னும் மேலே இருக்கிறது என்று பொருள். மாலை வெளிச்சம் மங்கும்போது அந்த வெற்றிடத்தைத்தான் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் இங்கு வந்து சேர்ந்தது என் மகளால். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, குன்றின் மேல் பட்டம் விடப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கண்ணுக்குக் கீழே ஒரு கிளைடர் ஓசையின்றிக் கடந்து போனதைப் பார்த்துவிட்டு, அன்று முதல் விடவில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளிக்கும், பிற்பகல் கணிதத் தனிப்பயிற்சிக்கும் உரியதாக இருந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கால அட்டவணை இதுதான் என்பது தங்கள் வெளிநாட்டு வாசகர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளியை விட முடியாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்; ஆகவே விட்டுக்கொடுத்தது கணிதம். அதற்காக என் மனைவி ஓராண்டுக் காலம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்நாட்டில் கார் ஓட்ட 17 வயது ஆக வேண்டும். ஆனால் பயிற்றுநர் தகுதியானவர் என்று கருதினால் 14 வயதிலேயே கிளைடரில் தனியே பறக்கலாம். கட்டுரை இதைக் குறிப்பிட்டு, "சிறுவர்களின் உயிரோடு விளையாட்டு" என்று ஒரு துணைத்தலைப்பும் இட்டிருக்கிறது. ஒரு தந்தையாக எனக்கும் அந்த அச்சம் இருந்தது. அதைப் போக்கியது யாருடைய ஆறுதல் மொழியும் அன்று. பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். எடை குறைந்த சிறுவர்கள் உட்காரும்போது சமநிலை கெடாதிருக்க, முன்பகுதியில் எடைக் கட்டிகளைப் பூட்டுகிறார்கள். அதைச் சரிபார்ப்பது புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லும் சோதனை வரிசையில் இரண்டாவது. கயிறு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிறுத்துவதில்லை. பின்னிருக்கையில் இருக்கும் பயிற்றுநர் முன்னறிவிப்பின்றி, ஒருமுறை நூறடியிலும் மறுமுறை ஐந்நூறடியிலுமாகக் கயிற்றை விடுவித்துவிடுவார். மாணவர் உடனே மூக்கைத் தாழ்த்தி, வேகம் மீண்டதை உறுதி செய்து, நேரே இறங்குவதா, சுற்றி வந்து இறங்குவதா என்று தானே முடிவெடுக்க வேண்டும். இது கைப்பழக்கமாக ஆகும்வரை தனியே அனுப்புவதில்லை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிளைடர் விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன, இனியும் போகக்கூடும். வின்ச் மூலம் ஏறும்போது நேர்ந்த கடும் விபத்துகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம், 2005-ஆம் ஆண்டில் அவற்றைக் குறைப்பதற்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதன் அறிவுரைகளில் ஒன்று மிக எளியது: ஓட்டம் தொடங்கும்போது இடது கை கயிற்றை விடுவிக்கும் பிடியின் மேலேயே இருக்க வேண்டும், இறக்கையை மட்டமாக வைத்திருக்க முடியவில்லை என்றால் அது தரையைத் தொடும்வரை காத்திராமல் உடனே விடுவித்துவிட வேண்டும். அதன்பின் அவ்வகை விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. நடுவானில் மோதிக்கொள்ளும் ஆபத்துக்காக, ஒன்றையொன்று நெருங்கும்போது எச்சரிக்கும் கருவிகள் பல கிளைடர்களில் பொருத்தப்பட்டுள்ளன. பாராசூட் அணிந்துதான் ஏறுகிறார்கள். இவை எல்லாம் இருந்தும், வாகனம் ஓட்டுவதைப் போலவே இதிலும் கவனக்குறைவுக்கு விலை உண்டு. "விளையாட்டு" என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகள் தனியே பறந்தது பதினைந்து வயதில், ஒரு செப்டம்பர் மாலையில். நான் அப்போது வின்ச்சுக்கு அருகில் வண்டியோடு காத்திருந்தேன். என் தலைக்கு நேர் மேலே ஒரு கிளைடர் கயிற்றை விட்டுவிட்டு இடப்புறம் திரும்பியதைப் பார்த்தேன். அந்தத் தொலைவில் உள்ளே ஒருவரா இருவரா என்று தெரியாது. அடுத்த கயிறுகளை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவள் வழக்கம்போல வேறொருவரின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவேட்டைப் புரட்டியபோதுதான், முன்னிருக்கைக்கு நேரே அவள் பெயரும், பின்னிருக்கைக்கு நேரே ஒரு சிறு கோடும் இருப்பதைக் கண்டேன். ஆறு நிமிடம்.

"கோடீசுவரர்களின் பொழுதுபோக்கு" என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிகளில் பறக்கும் ஒற்றை இருக்கைக் கிளைடர்கள் விலை மிகுந்தவை என்பது உண்மை. அவற்றையும் மூன்று நான்கு பேர் கூட்டாக வாங்குவதே இங்கு வழக்கம். ஆனால் சங்கத்தின் பொதுக் கிளைடரில், இளையோருக்கான கட்டணத்தில், மகள் ஓராண்டு கற்றதற்கு நான் செலவிட்டது, அதற்கு முந்தைய ஆண்டில் தனிப்பயிற்சிக்குச் செலவிட்டதைவிடக் குறைவு. வார இறுதியில் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள்: ஓய்வுபெற்ற பொறியாளர், மின்பணியாளர், பள்ளி ஆசிரியை. எழுபது வயதைக் கடந்த பயிற்றுநரை என் மகள் பெயர் சொல்லி அழைப்பதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. ஐயா என்றோ மாமா என்றோ அழைக்க அந்த மொழியில் வழியில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கூட்டு உழைப்பு இன்று நேற்றுத் தோன்றியதும் அன்று. முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சின் விமானங்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த ஜெர்மனியில், மாணவர்கள் தாங்களே மரத்தாலும் துணியாலும் செய்த கிளைடர்களை வாசர்குப்பே என்ற மலைக்குத் தூக்கிச் சென்று, 1920-இல் போட்டி நடத்தினார்கள். லண்டன் சங்கம் 1930-இல் தொடங்கப்பட்டது. 1930களின் நடுவில் அதன் மன்றக் கட்டடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் நிக்கல்சன் தாமும் கிளைடரில் பறந்தவர். 1948-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலகப் போட்டியின்போது ஆல்ப்ஸ் மலையில் மோதி இறந்தார். அக்கட்டடம் இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. மழை நாட்களில் நாங்கள் தேநீர் குடிப்பது அங்கேதான்.

"எஞ்சின் இல்லாத இந்தப் பயிற்சியால் உண்மையான விமானிகளுக்குப் பயனில்லை" என்றும் கட்டுரை முடிவு கூறுகிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிடுவதற்குப் பதிலாகப் பவுண்டில் கணக்கிட்டதால், 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, சற்று நேரத்தில் இரு எஞ்சின்களையும் இழந்தது. அதன் தலைமை விமானி பாப் பியர்சன் கிளைடரில் நெடுநாள் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தை நெருங்கியபோது உயரம் மிகுந்திருந்ததால், விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வழுக்கவிட்டு உயரத்தைக் கரைக்கும் கிளைடர் உத்தியைக் கையாண்டு இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த விமானத்தைக் "கிம்லி கிளைடர்" என்றே இன்றும் அழைக்கிறார்கள். பயனில்லை என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் எதைக்கொண்டு வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

இறுதியாக, இந்தியாவில் இதற்கு வரலாறே இல்லை என்பது போன்ற தொனி கட்டுரை முழுவதும் இழையோடுகிறது. புனேயின் ஹடப்சரில் மைய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையைச் சார்ந்த கிளைடிங் மையம் 1950-இல் தொடங்கப்பட்டது. அதைவிட நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அதே துறையின் தொழில்நுட்ப மையத்தில் 1950களின் இறுதியிலிருந்து இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த கிளைடர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர். பின்னர் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்த பயிற்சிக் கிளைடருக்கு ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்களும் மரத்தாலான இறக்கைகளோடு வானில் பறந்திருக்கின்றன. ஏழாவதான புனர்பூசத்துக்கு என்ன ஆயிற்று என்று என் தாயார் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ரோகிணியில் பயின்ற தேசிய மாணவர் படையினர் பலர் இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பார்கள். அவர்களுள் தமிழர்களும் கட்டாயம் இருப்பார்கள். தங்கள் நிருபர் அவர்களைத் தேடிக் கண்டு எழுதினால், இங்கிலாந்திலிருந்து நான் எழுதும் எதையும்விட அது நிறைவான கட்டுரையாக இருக்கும்.

அதற்கு முன், அந்தப் படக்குறிப்புக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். படத்தைப் பெரிதாக்கி மீண்டும் பார்த்தேன். அவர் இறக்கையைத் தாங்கியிருப்பது ஒரு கையின் விரல்களால் மட்டுமே. இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது. மற்றொரு கை இன்னும் கீழே தொங்குகிறது, ஆகவே கயிற்றின் தொய்வை இழுக்க அவர் இன்னும் சைகை தரவில்லை. அவர் பார்வை கிளைடரின் மேல் இல்லை. கழுத்தைத் திருப்பி, படச் சட்டகத்துக்கு வெளியே, பின்புறம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்க வரும் ஏதோ ஒன்றுக்காக அவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லூட்டன், இங்கிலாந்து